பொணப் படமும் பெண்கள் தரையும்

இப்போது அதற்கு ஜோம்பி படம் என்று பெயர். எங்களுக்கு அது பொணப் படம். செத்தவன் எழுந்து நடப்பான், உயிரோடு இருப்பவனைக் கடிப்பான், கடிபட்டவனும் செத்து எழுந்து நடப்பான். இவ்வளவுதான் கதை. இந்த வயதில் இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்கிறேனே என்று வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். நான் பிணத்தைப் பார்க்க உட்காருவதில்லை, கதவைப் பார்க்கத்தான் உட்காருகிறேன்.

எந்தப் பொணப் படத்தை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு கதவு இருக்கும். அந்தக் கதவின் சாவி நல்ல சட்டை போட்டவன் கையில் இருக்கும். முதலில் கடிபடுகிறவன் வாட்ச்மேன். அவனுக்கு அடுத்தது டிரைவர், தோட்டக்காரன், சமையல்காரி. வீட்டுக்காரர்கள் மாடிக்கு ஓடிவிடுவார்கள். மாடியில் டப்பா டப்பாவாகச் சாப்பாடு இருக்கும், துப்பாக்கி இருக்கும், சாய்ந்துகொள்ள சோபா இருக்கும். கீழே வேலைக்காரி நின்று கதவைத் தட்டுவாள். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒருவேளை அவளைக் கடித்திருக்குமோ என்பான் ஒருவன். கடித்ததா இல்லையா என்று திறந்து பார்க்க மாட்டான்.

சாவு வந்துவிட்டால் ஏழையும் பணக்காரனும் ஒன்றுதான் என்று இந்தப் படங்கள் காட்டுவதாகப் படித்தவர்கள் எழுதுகிறார்கள். அவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்த படங்களில் பிணத்துக்கு மட்டும்தான் எல்லாரும் ஒன்று. உயிரோடு இருந்தவர்கள் கடைசி ரீல் வரைக்கும் ஆள் தராதரம் பார்த்துத்தான் கதவைத் திறந்தார்கள். எனக்கு இது புத்தகம் படித்துத் தெரிந்ததல்ல. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மத்தியான ஆட்டத்தில், சங்கரன்கோவில் தியேட்டர் ஒன்றில், பெண்கள் தரையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

அந்தத் தியேட்டரை முதலில் சொல்லிவிடுகிறேன். திரைக்கு முன்னால் மணல் கொட்டிய தரை. அதன் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். தரைக்குப் பின்னால் நெஞ்சு உயரத்துக்கு இன்னொரு சுவர், அதற்குப் பின்னால் பெஞ்சு. பெஞ்சுக்கும் பின்னால் சேர். சேர் டிக்கெட்காரர்கள் வெளியே போக வேண்டுமென்றால் ஒரு பச்சைத் திரைச்சீலையை ஒதுக்கினால் போதும். ஆண்கள் தரை வாசலில் டிக்கெட் கிழிக்கிற ஆள் நிற்பார். பெண்கள் தரைக்கு ஒரே கதவு. அது பக்கத்துச் சந்தில் திறக்கும். அந்தக் கதவுக்கு வயதான கேட்காரர் ஒருவர் உண்டு. சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்கிற வேலையும் அவருக்கேதான். ஒரு ஆளுக்கு இரண்டு வேலை. அதனால் படம் தொடங்கியதும் எங்கள் கதவுக்கு வெளியே சங்கிலி மாட்டிப் பூட்டிவிட்டு, சைக்கிள்களுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். இடைவேளைக்குத் திறப்பார், படம் முடிந்ததும் திறப்பார். ஓசியில் யாரும் நுழைந்துவிடக் கூடாதாம். நாங்களும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. ஆடு மாடுகூடப் பட்டியில் அடைத்தால் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். நாங்கள் நல்ல இடம் பிடிக்கிற அவசரத்தில் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் பவர் லூம் கொட்டகைகள் இருந்தன. அண்ணன் தறி ஓட்டினான். நானும் அவன் மனைவியான மதினியும் அங்கேயே தார் சுற்றினோம். ஊடைநூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி பறக்கும். தலைமுடி, புருவம், கண்ணிமை எல்லாம் வெளுத்துப்போகும். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றினால்தான் எங்கள் வயது எங்களுக்குத் திரும்பி வரும்.

அந்தக் கோடையில் மத்தியானம் ஆனால் கரண்ட் போய்விடும், வருவதற்குச் சாயங்காலம் ஆகும். தறி நின்றுவிட்டதென்று வீட்டுக்குப் போனால் அங்கே ஆட்டுக்கல்லும் அழுக்குத்துணியும் காத்திருக்கும். ஆகவே கரண்ட் போன கையோடு பெண்களெல்லாம் கூட்டமாகத் தியேட்டருக்கு ஓடிவிடுவோம். தியேட்டரில் ஜெனரேட்டர் இருந்தது. குளிக்க நேரமில்லாமல் பஞ்சுத் தலையோடு போய் நிற்போம். "பஞ்சு மூடையெல்லாம் வந்துட்டா?" என்பார் டிக்கெட் கொடுக்கிறவர். அந்த ஜெனரேட்டருக்கும் தராதரம் தெரியும். அதில் படம் ஓடும், சேர் பக்கத்து மின்விசிறிகள் ஓடும். எங்கள் தலைக்கு மேலே தொங்கிய விசிறிகளுக்கு அதில் இணைப்புக் கிடையாது. அதன் இரைச்சல் எங்களுக்கு, காற்று அவர்களுக்கு.

மதினிக்கு அப்போது எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தன. இது மூன்றாவது. அவளை வீட்டில் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் தார் சுற்றத்தான் அனுப்பினார்கள். இந்தப் பிள்ளையும் தங்கவில்லை என்றால் அண்ணனுக்கு வேறு இடத்தில் பெண் பார்க்க வேண்டியதுதான் என்று சொந்தக்காரர்களிடையே பேச்சு கிளம்பியிருந்தது. மதினி காதிலும் அது விழுந்திருந்தது. என்னிடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தார் சுற்றும்போது ஒரு கை ராட்டையிலும் ஒரு கை வயிற்றிலுமாக இருப்பாள்.

பொணப் படத்துக்குப் போஸ்டர் ஒட்டிய அன்று சாயங்காலமே வீட்டில் சண்டை. "வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு பொணத்தப் பாக்கப் போறாளாம்லா! எங்கயாவது உண்டா இது?" என்று அம்மா கத்தினாள்.

"அது வெள்ளக்காரப் பொணம் அத்தே. நம்மகிட்டல்லாம் பேச்சு வச்சிக்கிடாது," என்றாள் மதினி.

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கரண்ட் போனதும் மதினிதான் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். படம் எதுவாக இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே இடம் பெண்கள் தரைதான்.

படம் இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் எங்களோடு எங்கள் தெருவில் பூக் கட்டும் அத்தை இருந்தாள். புருஷன் இல்லாதவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். இங்கிலீஷ் படம் வந்தால் திரையில் வாய் அசைகிற எல்லாருக்கும் அவளே தமிழில் பேசிக்கொண்டிருப்பாள். கதையும் அவள் சொல்வதுதான். உண்மையான கதை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

ஒரு பெரிய பங்களா, சுற்றிலும் எஸ்டேட். எஸ்டேட்டில் வேலை பார்த்துச் செத்தவர்களைப் புதைத்த இடம் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அவர்கள்தான் எழுந்து வருகிறார்கள். கிழிந்த கால்சட்டை, மண் ஒட்டிய சட்டை, ஒருவன் கையில் மண்வெட்டிகூட இருந்தது. "செத்தும் வேல விட்டுதா பாரு," என்றாள் அத்தை. பங்களாக்காரர்கள் மாடிக்கு ஓடுகிறார்கள். ஓடிய பிறகு அந்த வீட்டு அம்மாவுக்குத் தாகம் எடுக்கிறது. சமையல்காரியைத் தண்ணீர் கொண்டுவரக் கீழே அனுப்புகிறார்கள். அவள் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் கதவைத் தாழ்போட்டுவிடுகிறார்கள். அவள் தண்ணீர் ஜாடியோடு திரும்பி வந்து தட்டுகிறாள். பின்னால் பிணங்கள் படியேறிக்கொண்டிருக்கின்றன.

"யம்மா, நாந்தாம்மா. தண்ணி கொண்டாந்திருக்கேன், தொறங்க!" என்று சமையல்காரிக்காகக் கெஞ்சினாள் அத்தை. உடனே குரலை மாற்றி வீட்டு அம்மாவாகி, "தண்ணிய வெளியவே வச்சிட்டுத் தள்ளி நில்லு, நாங்க எடுத்துக்கிடுதோம்," என்றாள்.

பெண்கள் தரை முழுக்கச் சிரிப்பில் புரண்டது. அந்த வார்த்தையை நாங்கள் எத்தனை வாசலில் கேட்டிருப்போம்! மதினி கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. முகத்தில் வியர்வை கோடு கோடாக இறங்கிப் பஞ்சைக் கரைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரமாகவே மூச்சு முட்டிக்கொண்டிருந்திருக்கிறது, சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

"ஏட்டி, சேல நனைஞ்சிட்டு," என்றாள். "பனிக்குடம் ஒடஞ்சிட்டு போலருக்கு. என்னிய வெளிய கூட்டிட்டுப் போ."

நான் கதவுக்கு ஓடினேன். தள்ளினால் சங்கிலியின் அளவுக்கு விரல் நுழைகிற இடைவெளி விட்டது, அவ்வளவுதான். இரண்டு கையாலும் தட்டினேன். "கேட்காரரே! தொறங்க! பிள்ளத்தாச்சி இருக்கா!" என்று கத்தினேன். அத்தையும் வந்து தட்டினாள், இன்னும் நாலைந்து பேர் வந்து தட்டினார்கள். திரையில் சமையல்காரியும் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தட்டுவது எது, நாங்கள் தட்டுவது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடிக்கு இரண்டு சத்தமும் கலந்துவிட்டன. பின்னால் சேரிலிருந்து ஒரு விசில் கேட்டது. "சவுண்டு பிரமாதம்வே!" என்றது ஒரு குரல்.

திரையில் சமையல்காரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாள் என்று திரும்பிப் பார்க்க எனக்கு மனமில்லை. நாங்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. மதினி சுவரில் சாய்ந்து நின்று, "போகுதுட்டி, இதுவும் போகுது," என்றாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்ததா என்றால் இல்லை, கோபம்தான். கதவு திறக்காவிட்டால் சுவர் இருக்கிறது. அத்தை குனிந்து முதுகைக் கொடுத்தாள். நான் அதில் கால் வைத்துப் பெஞ்சுப் பக்கத்து நெஞ்சு உயரச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். கீழே இருந்தவர்கள் மதினியைத் தூக்கிக் கொடுக்க, நான் மேலிருந்து வாங்கினேன். பெஞ்சில் இருந்தவர்கள் முதலில் முழித்தார்கள், பிறகு புரிந்துகொண்டு நகர்ந்து வழி விட்டார்கள். பெஞ்சைத் தாண்டினால் சேர்.

சேர்க்காரர்கள் என்ன பார்த்திருப்பார்கள் என்று பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். திரை வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கிறது. திரைக்கு முன்னாலிருந்த பள்ளத்திலிருந்து தலைவிரிகோலமாகப் பெண்கள் சுவர் ஏறி வருகிறார்கள். முடி வெள்ளை, முகம் வெள்ளை, புருவம் வெள்ளை. மதினியைத் தாங்குவதற்காக எல்லாருடைய கைகளும் முன்னால் நீண்டிருக்கின்றன.

"ஐயோ, எந்திச்சு வருது!" என்று ஒரு ஆண் குரல் அலறியது. அவ்வளவுதான், பட்டுச்சேலையும் வெள்ளைவேட்டியும் விழுந்தடித்துக்கொண்டு பச்சைத் திரைச்சீலையைப் பார்த்து ஓடின. ஒரே ஒருவர் மட்டும் இருக்கையை விட்டு எழாமல் காலை நீட்டி மறித்தார். "ஏட்டி, இது சேர் டிக்கெட்டு. எறங்கி ஒங்க எடத்துக்குப் போங்க!"

"பொணத்துக்குத் தரையும் சேரும் ஒண்ணுதான்வே, கால எடும்!" என்றாள் அத்தை. அவர் காலை எடுத்தார்.

அப்படியாக, வாழ்க்கையில் முதல்முறையாக, நாங்கள் சேர் வாசல் வழியாக வெளியே வந்தோம். தியேட்டர் முன்னால் நின்ற குதிரைவண்டியில் மதினியை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பொழுது சாயும் நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் படுக்கவைத்துவிடலாம், அவ்வளவுதான் இருந்தாள். சூடு போகாமலிருக்கப் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். ஊர் எங்களைத் தெருத்தெருவாகக் கேலி பேசக் காரணமான அதே பஞ்சு. பல நாள் அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தோம். அவள் தங்கினாள்.

இதற்குள் ஊர் தன் கதையைச் சொல்லி முடித்துவிட்டது. பொணப் படம் பார்த்து மிரண்டு ஒருத்திக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டதாம். தியேட்டர் முதலாளிக்கு இது போதாதா? கர்ப்பிணிகளும் பலவீனமான இதயம் உள்ளவர்களும் பார்க்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போஸ்டர் அடித்து ஒட்டினார். படம் இன்னும் சில நாள் கூட்டத்தோடு ஓடியது. அம்மா வேப்பிலையோடு ஒருவரைக் கூட்டிவந்து மதினிக்கு மந்திரிக்கச் சொன்னாள்.

"படம் ஒண்ணும் செய்யலம்மா. கதவப் பூட்டி வச்சிருந்தான். அதான் சங்கதி," என்றேன்.

"எல்லா ஊர்லயுந்தான் பூட்டுதான். வேற யாருக்கும் இப்பிடி ஆகலியே?" என்றாள் அம்மா.

படுத்திருந்த மதினி தலையைத் தூக்கினாள். "நான் பயப்படவே இல்ல அத்தே. நான் சிரிச்சிக்கிட்டுல்லா இருந்தேன்," என்றாள். மந்திரிக்க வந்தவர் ஓங்கிய வேப்பிலையைக் கீழே இறக்கினார்.

ஒருநாள் கேட்காரர் ஒரு பொட்டலம் பன்னோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த எடத்துல அந்தம்மா கதவத் தட்டுவா மக்கா. வெளிய இருந்தா எனக்குச் சத்தந்தான படம்? அதான்னு இருந்துட்டேன். இன்னைக்கு என்ன ரொம்ப நேரமா தட்டுதாளேன்னு மட்டும் நெனச்சேன்," என்றார். அவரைத் திட்டுவதற்காக நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை முதலாளிக்காக வைத்துக்கொண்டேன்.

முதலாளிக்கு ரைஸ்மில்லும் உண்டு. அத்தையும் நானும் அங்கே போய் நின்று, கதவுக்குச் சங்கிலி வேண்டாம், ஒரு ஆளைப் போடுங்கள் என்று கேட்டோம். அவர் தவிட்டைக் கையில் எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டே, "படம் பாக்க வந்தா படத்தப் பாக்கணும். பிள்ள பெறவா வந்தீய?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று வீடு திரும்புகிற வழியில் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் நடந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அம்மன் கோவில் திருவிழாவான ஆடித்தபசு வந்தது. ஊருக்குள் கால் வைக்க இடமிருக்காது. திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கத்துப் பெண்களெல்லாம் பஸ் பிடித்து வந்து, அம்மனைப் பார்த்துவிட்டு, அப்படியே ஒரு படமும் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவார்கள். தியேட்டருக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. பெண்கள் டிக்கெட் வாங்கப் போகிற வழி ஒரு குகை மாதிரி. ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க முடியும். இரண்டு பக்கமும் தகரச் சுவர், மேலேயும் தகரம், கடைசியில் கை நுழைகிற ஒரு ஓட்டை. யாரும் முந்திவிடக் கூடாது என்பதற்காக முதலாளி கட்டியது. அதில் முன்னால் நிற்பவள் நகராவிட்டால் பின்னால் யாராலும் நகர முடியாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

பகல் ஆட்டத்துக்கு நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் அத்தை, கைக்குழந்தையோடு மதினி, பிறகு தறிக் கொட்டகைப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் வெளியூர்க்காரர்கள்.

"எத்தன?" என்றது ஓட்டை.

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப நகருட்டி!"

"கதவுச் சங்கிலிய எடுத்தாத்தான் நகருவேன்."

பின்னால் வெளியூர்ப் பெண்கள் கத்தத் தொடங்கினார்கள். "நாங்க வருசத்துக்கு ஒரு நாள் வாரோம், அதையும் கெடுக்கியளே!" என்று ஒருத்தி என்னைத் திட்டினாள். அவள் திட்டியதில் தப்பே இல்லை. அத்தை அங்கேயே திரும்பி நின்று அவர்களுக்குக் கதையைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிட நடித்தாள் என்பதே சரி. சமையல்காரி, வீட்டு அம்மா, படியேறும் பிணம், சேரில் காலை நீட்டியவர் என்று எல்லாரும் அவளே. தண்ணியை வெளியவே வச்சிட்டுத் தள்ளி நில்லு என்ற இடம் வந்ததும் குகை முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மேலநீலிதநல்லூர்க்காரி ஒருத்தி, "போன தபசுக்கு எம்மவ உள்ள மயங்கி விழுந்தா. நானுந்தான் தட்டுனேன். ஒருத்தனும் தொறக்கல," என்றாள். அதற்கப்புறம் யாரும் எங்களைத் திட்டவில்லை.

ஆண்கள் பக்கத்திலும் கூட்டம் நின்றுவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டு எவன் உள்ளே போய் உட்காருவான்? காரில் வந்து இறங்கிய முதலாளி வேர்த்து விறுவிறுத்து ஓட்டைக்கு அந்தப் பக்கம் வந்து குனிந்தார். அந்த ஓட்டை வழியாகப் பார்த்தபோது அவரும் எங்களை மாதிரி எங்கோ அடைபட்டவர்போலத்தான் தெரிந்தார்.

"சங்கிலி இல்லன்னா ஓசியில நுழைவாளுக," என்றார்.

"அதுக்கு ஆளப் போடுங்க. காசு குடுத்து வந்தவள ஏன் பூட்டுதீய?" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு மதினியைப் பார்த்தார். குரல் குழைந்தது. "இந்தப் பிள்ளதானாம்மா அது? நல்லாருக்கட்டும். இனிமே நீயும் ஒன் நாத்தனாரும் எப்ப வந்தாலும் சேர்ல உக்காருங்க. டிக்கெட்டு வேண்டாம், நான் சொல்லிருதேன். இப்ப இந்தப் பிள்ளைகள நகரச் சொல்லு."

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். மதினி அதிகம் பேசுகிறவள் அல்ல. விசிறிக் காற்றும் சாய்வு நாற்காலியும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து? அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சேர்ல உக்காந்து என்ன செய்ய அண்ணாச்சி?" என்றாள். "கதவத் தட்டுத சத்தம் கேட்டா, சவுண்டு பிரமாதம்னு சொல்லிக்கிட்டு இருக்கவா?"

சொல்லிவிட்டு இடது கையால் பக்கத்திலிருந்த தகரச் சுவரைத் தட்டினாள். ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அத்தை தட்டினாள். நான் தட்டினேன். பின்னால் இருந்த கைகளெல்லாம் தகரத்தில் விழுந்தன. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. தேர்வீதியில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். சத்தம் போடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். அன்றைக்கு என் கை வீங்குகிற வரைக்கும் தட்டினேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முதலாளி நிமிர்ந்து கேட்காரரைத் தேடினார். அவர் ஏற்கெனவே சந்துக்குள் போய்விட்டிருந்தார். திரும்பி வந்தபோது சங்கிலி அவர் தோளில் துண்டு மாதிரி தொங்கியது. முதலாளியிடம் கேட்டாரா, கேட்காமலே எடுத்தாரா என்று இன்றுவரை தெரியாது. "எத்தன?" என்றது ஓட்டை மறுபடியும். நான் டிக்கெட் வாங்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் கதவுக்கு ஒரு பெண்ணை வேலைக்குப் போட்டார்கள். சங்கிலி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது. ஓசியில் ஒருத்தியும் நுழையவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நுழைந்தார்கள். தியேட்டர் ஒன்றும் மூழ்கிப் போய்விடவில்லை. ஜெனரேட்டரில் எங்கள் விசிறிக்கு மட்டும் கடைசிவரை இணைப்புக் கொடுக்கவில்லை. அதற்கும் கேட்டோம், சண்டை போட்டோம், நடக்கவில்லை. கேட்டுக் கிடைத்ததை மட்டும் எழுதினால் கதை அழகாக இருக்கும் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

நாலைந்து வருஷம் கழித்து அந்தப் பொணப் படம் மறுபடியும் வந்தது. பிரிண்ட் தேய்ந்து, பிணங்களின் மேல் கீறல்கள் மழையாகப் பெய்துகொண்டிருந்தன. வீடியோ டெக் வந்துவிட்ட காலம், கூட்டம் குறைவு. மதினிதான் பார்க்க வேண்டும் என்றாள். அத்தையும் வந்தாள். மதினியின் மகளை நடுவில் உட்காரவைத்துக்கொண்டோம். பால்வாடிக்குப் போகிற வயது. படத்தைப் பார்க்காமல் மணலைக் குவித்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

சமையல்காரி ஜாடியோடு திரும்பி வந்தாள். தட்டத் தொடங்கினாள். அத்தை அன்றைக்குக் குரல் கொடுக்கவில்லை. மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி சும்மா இருந்தோம். தட்டுகிற சத்தம் கூடிக்கொண்டே போனது. குழந்தை நிமிர்ந்து பார்த்தாள், பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கட்டி போற?" என்றேன்.

"யாரோ தட்டுதாவல்லா அத்தை," என்றாள். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் புரியாததுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள். கதவைத் தள்ளினாள். அது திறந்தது. பகல் வெயில் தரை முழுக்க விழுந்து, திரையில் இருந்த பிணம், பங்களா, வீட்டு அம்மா எல்லாம் வெளுத்து மறைந்துபோயின.

"ஏய், கதவச் சாத்துட்டி!" என்று சேரிலிருந்து கத்தினார்கள். "படம் தெரியல, சாத்து!"

குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். மதினி மணலிலிருந்து எழுந்து நின்றாள்.

"சாத்தாத மக்கா," என்றாள், சேர் வரைக்கும் கேட்கும்படி. "அவ உள்ள வரட்டும்."